அருளம்பலம் ஐயாவின் மூன்று கேள்விகளும் ஒரு மின்சாரக் காரின் சில்லுகளும்

எங்கள் பழைய பட்டறைக்கு மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அவற்றின் சில்லும் ரயரும் தேயும்போதோ நெளியும்போதோ வெளிச்சந்தையில் எதை வாங்கிப் பூட்டுவது என்று ஒரு கட்டுரை எழுதித் தருமாறு, இப்போது அங்கே பரிசோதகர்களாக இருக்கும் இருவர் வீடு தேடி வந்து கேட்டார்கள். என்னிடம் கேட்டது சரியான காரியம். திருகோணமலையில் சில்லைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இல்லை. சொன்னதன் கீழே கையெழுத்து வைக்கத்தான் ஆள் இல்லை.

இந்த அளவு நல்லது, அந்த வகை ஆகாது என்று நிரல் போட்டு எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதை ரயர்க் கடையில் கேட்டால் தேநீரும் தந்து சொல்வார்கள். நான் எழுதப்போவது, அருளம்பலம் ஐயாவின் மகள் வசந்தியின் காருக்குச் சில்லுத் தெரிவு செய்தபோது நடந்தது. அவர்கள் அறிய விரும்பியவை எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

நான் கல்லூரிப் படிப்பை இந்த ஊரிலும் தொழிற்கல்வியைக் கொழும்பிலும் முடித்தவன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிறீஸ் பூசினேன், ஏச்சு வாங்கினேன், சித்தியடைந்தேன். பிறகு சீனன்குடாப் பக்கத்தில், துறைமுகத்தை ஒட்டி இருந்த ஒரு நிறுவனத்தின் வாகனப் பட்டறையில் உதவிப் பரிசோதகனாகச் சேர்ந்து, தலைமைப் பரிசோதகனாக ஓய்வு பெற்றேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் சேர்ந்தபோது அங்கே தலைமைப் பரிசோதகராக இருந்தவர் அருளம்பலம் ஐயா. கை நீண்ட வெள்ளைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் உட்பட எல்லாம் பூட்டியிருக்கும். வாகனங்கள் வெளியேறும் வாயிலின் அருகே அவருடைய சிறிய அறை. அறைக்குள் கதிரை, வாயிலுக்கு முதுகைக் காட்டியபடி. வாகனத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவர் வாகனத்துக்கு முதுகைக் காட்டி உட்காரலாமா என்று நான் புதிதில் யோசித்ததுண்டு. ஒரு நாள் லொறி ஒன்று உள்ளே வந்தது. அவர் தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பின் வலது, காத்துக் குறைவு” என்றார். நான் எழுந்து போய் அளந்து பார்த்தேன். குறைவுதான். அதன் பிறகு அந்தக் கதிரையைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

எந்த வாகனமானாலும் வெளியே போகுமுன் அவருடைய வாசலில் நிற்க வேண்டும். சிறு சுத்தியலால் சில்லின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். இறுகிய நட்டு மணிபோல் ஒலிக்கும். தளர்ந்தது தகரம்போல் ஒலிக்கும். தட்டி முடித்ததும் சாரதியிடம் மூன்று கேள்விகள் கேட்பார். எங்க போகுது? என்னத்தச் சுமக்குது? எப்ப திரும்பி வரும்? மூன்றுக்கும் விடை கிடைத்தால், இடது கையின் இரண்டு விரல்களை மேசைக்கு மேல் சற்றே உயர்த்துவார். வாயிற்காவலர் தடியைத் தூக்குவார். விரல் உயராமல் தடி உயர்ந்ததை நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு கேள்விகளின் தேவை எல்லோருக்கும் விளங்கியது. போகிற பாதையையும் ஏற்றுகிற பாரத்தையும் பொறுத்துத்தான் ரயரைத் தெரிவு செய்ய வேண்டும். மூன்றாவது கேள்வியை மட்டும் சாரதிகள் பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். சின்னத்துரை என்ற சாரதி ஒருமுறை, “நான் திரும்பி வராட்டி என்ர மனிசிக்குச் சந்தோசம் ஐயா” என்றார். ஐயா சிரிக்கவில்லை. “அப்ப அவவிட்டயே கேட்டுக்கொண்டு வாரும். பிறகு விடுறன்” என்றார். லொறி வாசலிலேயே நின்றது. சின்னத்துரை வீட்டுக்குப் போய் வந்து, மனைவி பின்னேரம் சோற்றுக்கு வரச் சொன்னதாக அறிவித்த பிறகே விரல்கள் உயர்ந்தன.

பின்னர் வந்த யுத்த ஆண்டுகளில் அந்த மூன்றாவது கேள்விக்கு யாரும் பகிடி சொன்னதில்லை.

சில்லு விடயத்தில் ஐயாவின் போக்கை விளக்க ஒரு சம்பவம் போதும். நிறுவனத்துக்குப் புதிதாக வந்த உயரதிகாரி ஒருவர் தம் ஜீப்புக்கு அகலமான சில்லுகளைக் கொழும்பில் பூட்டிக்கொண்டு வந்தார். அவை மட்கார்டுக்கு வெளியே புடைத்து நின்றன. தோற்றம் கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. தம்பலகாமத்துக்குப் போவதற்காக அவரும் அலுவலர் நால்வரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஐயா நட்டுகளைத் தட்டினார். கேள்விகளைக் கேட்டார். பிறகு, எல்லோரும் ஏறியிருக்கும்போதே ஸ்ரியறிங்கை முழுவதும் ஒடிக்கும்படி சாரதியிடம் சொன்னார். ரயர் உடம்பில் உரசிக் கிறீச்சிட்டது. ஜீப்போடு எடைத் தராசுக்குப் போகச் சொன்னார். அதிகாரி, தாம் யார் என்று தெரியுமா என்று கேட்டார்.

“உங்களைத் தெரியும் சேர். உங்கட பாரம்தான் தெரியாது. எல்லாரும் ஜீப்போட தராசில ஏறுங்கோ” என்றார் ஐயா.

அதிகாரி இறங்கித் தம் அலுவலகத்துக்கு நடந்து போனார். அடுத்த கிழமை ஜீப்பில் பழைய சில்லுகள் இருந்தன. பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று உத்தரவு எதுவும் இருக்கவில்லை. தேவைப்படவில்லை.

இனி வசந்தியின் காருக்கு வருகிறேன்.

ஐயா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பாரிசவாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் இயங்கவில்லை. பேச்சும் போயிற்று. மனைவி முன்னரே காலமாகிவிட்டார். மகன் குகன் கனடாவில். மகள் வசந்தி ஆசிரியை. திருமணம் செய்யாதவர். அவருக்குக் கிடைத்த பாடசாலையோ வெருகல் பக்கம், மாவட்டத்தின் தெற்கு எல்லையில். பகலில் ஐயாவைப் பார்த்துக்கொள்ள ராணி என்றொரு பெண் தம்பலகாமத்திலிருந்து வருவார். பின்னேரப் பஸ்ஸை விட்டால் அவருக்கு வீட்டுக்குப் போக வழியில்லை. ஆகவே அந்தப் பஸ்ஸுக்கு முன்னர் வசந்தி வீடு வந்து சேர வேண்டும். சேர முடியாவிட்டால் அவர் பாடசாலை விடுதியில் தங்க வேண்டும். ஐயா கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். இல்லம் எது என்று குகன் இணையத்தில் பார்த்தும் வைத்திருந்தார். குடும்பம் முழுவதும் ஒரு காரின் திரும்பி வரும் ஆற்றலில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகை அன்று.

அந்தக் கார், ஜப்பானில் ஒருவர் பாவித்து முடித்த மின்சாரக் கார். பற்றரி வயதானது. காலையில் நிரப்பினால் வெருகல் பக்கம் போய் வரக் காணும்; அதற்கு மேல் மிச்சம் சொற்பம். பாடசாலையில் செருகி ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை வசந்தி செருகினார். அதிபரின் மின்விசிறியும் பாடசாலை மணியும் ஒன்றாக நின்றுவிட்டன. “ரீச்சர், ஒண்டில் கார் ஓடட்டும், இல்லாட்டிப் பள்ளிக்கூடம் ஓடட்டும்” என்று அதிபர் சொல்லிவிட்டார். நியாயமான நிலைப்பாடு.

மூதூர் தாண்டிய பாதையில் ஒரு குழி, முன் சில்லு ஒன்றின் ரிம்மை நெளித்துவிட்டது. ரயர்கள் நான்கும் தேய்ந்தும் இருந்தன. வசந்தி என்னிடம் வந்தார்.

நான் ஐயாவின் வழியிலேயே தொடங்கினேன். எங்கே போகிறது? கிண்ணியாப் பாலம் தாண்டி, பாதி நல்ல தார், பாதி குழி. என்ன சுமக்கிறது? வசந்தி, வழியில் ஏறும் இரண்டு ஆசிரியைகள், பயிற்சிக் கொப்பிக் கட்டுகள், சில கிழமைகளில் ஒரு மூடை நெல். இவற்றுக்கெல்லாம் முன்னர் பற்றரியின் பாரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதே பருமனான பெற்றோல் காரைவிட மின்சாரக் கார் கனமானது. ரயரின் பக்கவாட்டில், அளவை அடுத்து ஒரு பாரக் குறி பொறித்திருக்கும். காருடன் வந்த குறிக்குக் குறைந்த ரயரை எந்த விலைக்குத் தந்தாலும் வாங்கக் கூடாது. பெரும்பாலானோர் அளவைப் பார்ப்பார்கள். அந்தக் குறியைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது கேள்விக்கு விடை எங்கள் இருவருக்கும் தெரியும். ஆயினும் கேட்டேன்.

“ராணியக்காட பஸ்ஸுக்கு முன்னம் மாமா” என்றார் வசந்தி.

பெற்றோல் வாகனத்தில் திரும்பி வருவது சாரதியின் பொறுப்பு. மின்சாரக் காரில் அது பெருமளவு சில்லின் பொறுப்பு. சில்லு கனத்தால் உருட்ட மின் கூடுதலாகச் செலவாகும். ரயர் அகன்றால் பாதையும் பிடிக்கும், காற்றும் பிடிக்கும். ஆகவே காருடன் வந்த அளவையே வைத்துக்கொள்ளத் தீர்மானித்தேன். நெளிந்ததற்கு இணையான ரிம் ஒன்றைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுத்தேன். கடற்காற்று அதைத் தின்றிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி இல்லாமல், விரலால் தடவிப் பார்த்தேன். பாரக் குறி சரியான, ஒடுங்கிய, இலகுவாக உருளும் ரயர்கள் நான்கைத் தெரிவு செய்தேன். நிறம் பற்றி வசந்தி கேட்டார். நிறம் என் துறை அல்ல என்றேன்.

கார் நேரத்துக்குத் திரும்பி வந்தது. பல மாதங்கள் அப்படியே வந்தது. அப்போதுதான் கனடாவிலிருந்து பெட்டி வந்தது.

வெளிநாட்டுப் பெட்டி உடைப்பது எங்கள் ஊரில் தனி ஒரு விசேடம். வசந்தியின் சித்தியும் பிள்ளைகளும் அயலவர்களும் வந்திருந்தார்கள். குகன் வீடியோவில் இருந்தார். பால்மாவும் சொக்கிளேற்றும் இருக்குமென்று நம்பிக் காத்திருந்த பிள்ளைகளின் முன்னால் நான்கு சில்லுகள் வெளிப்பட்டன. பெரியவை, கரியவை, ரயர் பூட்டியவை, முகம் தெரியும் பளபளப்பு. குகன் அங்கே கார்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்பவர். தாம் தெரிந்தே அனுப்பியதாகவும், ரயரின் உட்புறம் பஞ்சு ஒட்டியிருப்பதாகவும், மின்சாரக் காருக்கு எஞ்சின் சத்தம் இல்லாததால் ரயர்ச் சத்தம் எடுப்பாகத் தெரியும் என்றும், இந்தப் பஞ்சு அதையும் விழுங்கிவிடும் என்றும் விளக்கினார். “தங்கச்சி, இனிக் கார் வாறதே ஒருத்தருக்கும் கேக்காது” என்றார். பெருமைப்பட நியாயம் இருந்தது. அருமையான ரயர்.

நான் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாரக் குறி போதுமானது. துளைகள் பொருந்தின. நட்டின் கூம்பு பொருந்தியது. ஒரு குறையும் எழுத முடியாத சில்லு. பாதைக்குப் பெரிது என்று மட்டும் வசந்தியிடம் தணிந்த குரலில் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியில் வந்த பொருளை ஒதுக்கி வைப்பது அனுப்பியவரையே ஒதுக்கி வைப்பதற்குச் சமம். அது எனக்கும் தெரியும்.

சில்லுகள் பூட்டப்பட்டன. கார் பிள்ளையார் கோயிலடிக்குப் போயிற்று. ஐயர் நான்குக்கும் சந்தனம் வைத்தார். நான்கு தேசிக்காய்கள் வைக்கப்பட்டன. கார் அவற்றின்மேல் ஏறி, ஓசையின்றி நசுக்கியது. குகன் அதையும் வீடியோவில் பார்த்தார்.

பிறகு கச்சான் என்ற பருவக்காற்றுத் தொடங்கியது. எதிர்க்காற்றில், அகன்ற ரயரோடு, வயதான பற்றரி என்ன செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. முதல் தடவை வசந்தி கிண்ணியாவில் தெரிந்த ஒரு கடைக்காரர் வீட்டில் செருகி ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ராணி பஸ்ஸுக்குப் போயாயிற்று. ஐயா நனைந்த படுக்கையில் கிடந்தார். மணிக்கட்டுப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு வாசலில் இருந்த மனிதர். இதை வசந்தி என்னிடம் சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லை. குகன் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்வரை சில்லு காரில் இருக்க வேண்டும் என்பதும், அவர் வந்ததும் நான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் வசந்தியின் வேண்டுகோள்.

பக்குவமாகச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அளந்து சொல்வேன். ஆகவே பரிசோதனை செய்தேன். ஒரே பாதை, ஒரே சாரதி, ஒரே சுமை, ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்த ஒரே காற்று. ஒரு நாள் பழைய சில்லுகள், மறுநாள் புதியவை. இரண்டு நாளும் நான் சுமையின் ஒரு பகுதியாகப் பின் ஆசனத்தில் இருந்தேன்.

பழைய சில்லுகளில் கார் வீடு வந்து, மிச்சமும் காட்டியது. புதியவற்றில், திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தின் நடுவில் காரின் முகப்புத் திரையில் ஓர் ஆமை தோன்றியது. பற்றரி ஒடுங்கும்போது கார் காட்டும் அடையாளம் அது. தோன்றியதும் கார் அதைப் போலவே நடக்கத் தொடங்கிவிடும். சைக்கிள்காரர்கள் எங்களைக் கடந்து போனார்கள். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களுக்குச் சமமாக, சாவீட்டுக்குப் போகிறவர் நடையில் சற்றுத் தூரம் வந்து, “என்ன டீச்சர், மய்யித்து வீட்டுக்கா போறீங்க? தள்ளிவிடட்டா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பரிசோதனையில் வெளி விசை சேரக் கூடாது.

குகன் வந்து இறங்கினார். உயரத்தில் தகப்பனைப் போன்றவர். தகப்பனின் காலடியில் அமர்ந்தார், பேசினார், அழுதார். பிறகு முற்றத்தில் போய்ச் சில்லுகளைத் தடவிப் பார்த்தார். அன்று பின்னேரம் நான் என் ஆய்வுக் கருத்தை அவர் முன் வைத்தேன். அவற்றின் தரத்தைப் பற்றி எழுதியிருந்த பகுதியை முதலில் வாசித்தேன். அது நீளமானது. பிறகு பாலத்துக்கு வந்தேன்.

அவர் கவனமாகக் கேட்டார். தொழில் தெரிந்தவர், எதிர்த்துப் பேசவில்லை. “அங்கிள், நீங்கள் சொல்லுறது சரி. ஆனா பிழை சில்லில இல்ல, பற்றரியில. பற்றரியை மாத்தலாம், அதுக்கு இந்த ஊரில ஆள் இல்ல. அதைவிட, இது எவ்வளவு நாளைக்கு? அப்பாவைக் கொழும்பில விட்டா வசந்தி பள்ளிக்கூடத்தடியிலயே இருக்கலாம். நான் எல்லாம் கதைச்சு வச்சிருக்கிறன்” என்றார்.

வசந்தி குசினிக்குள் போய்விட்டார். பாத்திரச் சத்தம் எதுவும் அங்கிருந்து வரவில்லை.

கருத்துச் சொல்ல வேண்டிய இடம் சில்லைத் தாண்டிவிட்டது. அப்பால் என் கையெழுத்துச் செல்லாது. ஆகவே சில்லிலேயே நின்றேன். உம்முடைய தகப்பனார் எந்த வாகனத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்பார், அவை தெரியுமா என்று கேட்டேன்.

குகன் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்கும் கேட்டவர் அங்கிள். நான் வெளிக்கிட்டுப் போகேக்க, இந்தப் படலையடியில நிண்டு. எங்க போறாய், என்ன கொண்டு போறாய் எண்டு. ரெண்டுக்கும் சொன்னனான்.”

மூன்றாவதுக்கு?

“வான்காரன் ஹோன் அடிச்சிட்டான்.”

அன்று எதுவும் முடிவாகவில்லை.

மறுநாள் பாடசாலை நாள். கார் குகனுடைய சில்லுகளோடு வெருகல் பக்கம் போயிற்று. ஆசிரியைகள் இருவரும் அன்று வரவில்லை; சுமை இல்லை. ஆகவே நேரத்துக்கே திரும்பிவிடும் என்று கணித்தேன். பின்னேரம் நானும் குகனும் ஐயாவின் கட்டிலருகே இருந்தோம். கட்டில் யன்னலோரம். யன்னலுக்கு வெளியே, கடல் மணல் படிந்த கொங்கிறீட் ஒழுங்கை. ஐயா யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

கார் வந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. வசந்தி அறைக்குள் வந்து, “அப்பா, வந்திட்டன்” என்றார். ஐயா திரும்பவில்லை. வசந்தி அவர் தோளைத் தொட்டார். ஐயா அவரைப் பார்த்தார். உடனே மறுபடி யன்னலைப் பார்த்தார். வந்து நிற்கிற மகளை வைத்துக்கொண்டே அவள் வருவதற்குக் காத்திருந்தார்.

குகன் எழுந்தார். அப்பாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லையா, அறிவு மங்குகிறதா என்று தங்கையிடம் கேட்டார். பதில் சொன்னவர் ராணி. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்ததால் அவரிடம் பக்குவத்துக்கு அவகாசம் இருக்கவில்லை.

“அறிவெல்லாம் வடிவாக் கிடக்கு தம்பி. முந்தி பிள்ளையின்ர கார் அந்த மூலையில திரும்பேக்கையே ஐயா முகத்தைத் திருப்பிடுவார். அதைப் பாத்துத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறது. அது உள்ளுக்க வரக் கேத்தில் கொதிக்கும். நீங்கள் அனுப்பின சில்லு பூட்டின நாளில இருந்து ஐயாவுக்குக் கார் கேக்குதில்ல. பின்ன எப்பிடி வந்ததெண்டு நம்புவார்?”

அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஐயா யன்னலைப் பார்த்திருப்பதாக வசந்தி எனக்கு முன்னரே சொல்லியிருந்தார். என் ஆய்வுக் கருத்தில் அதை எழுதவில்லை. அளக்க முடியாததை எழுதும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

குகன் முற்றத்துக்குப் போய் ஜக்கை எடுத்தார். நானும் போனேன். அவர் ஜக்கைக் காரின் வயிற்றுக்குக் கீழே வைக்கப்போனபோது தடுத்தேன். அங்கே இருப்பது பற்றரி. ஓரத்தில், அதற்கென்று பலப்படுத்திய இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும். கனடாவில் காரைத் தூக்கும் உயர்த்தி இருப்பதால் ஜக்குப் பிடித்துப் பல காலம் ஆயிற்று என்றார். சாட்டு ஏற்கத்தக்கதே. ஒரு சில்லைக் கழற்றும்போது, “அங்க இந்தச் சில்லை எல்லாரும் கேட்டு வாங்கினம் அங்கிள். சத்தம் இல்லை எண்டுதான் வாங்கினம்” என்றார். நான் பழைய சில்லின் நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில், எதிரும் புதிருமாக இறுக்கும்படி சொன்னேன். இறுக்கினார். நட்டின் இறுக்கத்தை அளக்கும் திறப்பை நான் கொண்டுபோயிருந்தேன். அதன் பிறகும், சிறு சுத்தியல் ஒன்றைத் தேடி எடுத்து, அவர் நட்டுகளைத் தட்டிப் பார்த்தார். அப்படிச் செய்யும்படி நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் நாங்கள் அதே இடத்தில் இருந்தோம். ஒழுங்கையில் ஓர் ஓட்டோ போனது. ஐயா அசையவில்லை. ஒரு வான் போனது. அசையவில்லை. பிறகு எனக்கு எதுவும் கேட்காத ஒரு கணத்தில் அவர் முகம் யன்னலிலிருந்து வாசலுக்குத் திரும்பியது. ராணி கேத்திலை அடுப்பில் வைத்தார். குகன் ஓடிப்போய் வாசல் படலையில் நின்று பார்த்தார். ஒழுங்கை வெறுமையாக இருந்ததாகவும், அதன் பின்னரே கார் மூலையில் திரும்பியதாகவும் உள்ளே வந்து சொன்னார். கேத்தில் கொதித்தபோது வசந்தி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கொழும்பு இல்லத்தைப் பற்றிய கதை அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. எழாததற்குக் காரணம் எதுவும் யாரும் கூறவில்லை. நானும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் என் ஆய்வுக் கருத்தின் கீழே ஒரு வசனம் சேர்த்தேன்: மின்சாரக் காருக்கு ரயர் தெரிவு செய்கையில், வீட்டில் காத்திருப்பவருக்கு அதன் சத்தம் தேவையா என்பதையும் விசாரித்தறிக. இது திருத்தம் அன்று, சேர்க்கை. என் கருத்து எதையும் நான் திருத்த நேர்ந்ததில்லை. என்னிடம் கேட்ட பரிசோதகர்கள் இந்த வசனத்தைப் படிவத்தில் எங்கே இடுவது என்று தடுமாறலாம். பாரக் குறிக்கு அடுத்ததாக இடலாம்.

குகன் புறப்பட்ட நாளில் நானும் போயிருந்தேன். கறுத்த சில்லுகள் நான்கும் பழைய சேலையொன்றில் சுற்றி, சுவாமி அறைக்கு வெளியே அடுக்கப்பட்டிருந்தன. விமான நிலையத்துக்குப் போகும் வாடகை வான் ஒழுங்கைக்குள் வந்து படலையில் நின்றது. கட்டிலில் இருந்த ஐயா முகத்தைச் சுளித்தார். கண்கள் என்னைத் தேடின. பிறகு யன்னல் பக்கம் போயின. பிறகு மறுபடி என்னிடம் வந்தன.

எனக்கு விளங்கியது. எழுந்து போய், வானின் ரயர்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். பின் இடது, காற்றுக் குறைவு. சாரதி, கொழும்பு வரை தாங்கும் என்றார். தாங்கும் என்பது அளவு அல்ல என்றேன். அவர் முணுமுணுத்தபடி காற்றடிக்கப் போனார். அதனால் குகனுக்குத் தகப்பனின் பக்கத்தில் இருக்கச் சற்று நேரம் கிடைத்தது.

வான் திரும்பி வந்து ஹோன் அடித்தது. குகன் எழவில்லை. குனிந்து, தகப்பனின் காதருகே சொன்னார்:

“அப்பா, கனடாவுக்குப் போறன். வெறுங்கையோடதான் போறன். சித்திரை வருசத்துக்கு வருவன். அந்த நாலு சில்லையும் அண்டைக்கு நானே பூட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோறன். பின்னேரம் கழட்டிடுவன்.”

ஐயா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரதி இன்னொரு தடவை ஹோன் அடித்தார். போர்வைக்கு மேல் கிடந்த இடது கையின் இரண்டு விரல்கள் சற்றே உயர்ந்தன.

நான் போய்ப் படலையைத் திறந்துவிட்டேன்.